‘அம்மா’ ஏன் ‘அப்பா’ ஆகிறது?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “5 வயது மகன் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், குறட்டை வேறு. ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ‘அப்பா’ மாதிரிக் கேட்கிறது. மூக்குச் சதையை எடுக்கச் சொல்கிறார் டொக்டர். சின்னப் பிள்ளைக்கு ஒப்பரேஷன் தேவைதானா?”

மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று இலக்கணப் பாடத்தில் படித்திருப்போம். மூக்கில் காற்றுப் போகாவிட்டால் ‘ம’ கிட்டத்தட்ட ‘ப’வாகத்தான் வரும். அடைப்பு மூக்கின் முன்னால் இல்லை. மூக்கு முடிந்து தொண்டை தொடங்குகிற இடத்தில், உள்நாக்குக்கு மேலே, பின்சுவரில் இருக்கிறது. அடினாய்டு என்ற அந்தச் சதை டான்சிலுக்கு உறவு. கிருமிகளை அடையாளம் காண்பது அதன் வேலை. 3 முதல் 7 வயதுக்குள் பெரிதாகி, பிறகு தானாகச் சுருங்கும். காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், சுழலும் விறகுப் புகை மூக்கின் உள்தோலையும் வீங்கவைத்து அடைப்பைக் கூட்டும்.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள காதின் கதை. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகளில் பஸ் இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் ‘டப்’பென்று திறக்கும். கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே அழுத்துகிறது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், விழுங்கும்போது ஒரு நொடி திறந்து காற்றை உள்ளே விடும். அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

சதை அந்த வாயை அடைத்தால்? நடுக்காதின் சவ்வு உள்ளே இருக்கும் காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். புதுக் காற்று வராது. அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்ளே இழுபடும். பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தாலும் அதன் காது மலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் சவ்விலிருந்து நீர் கசிந்து, நாளாக ஆகப் பசை போலக் கெட்டியாகும். செவிப்பறை சரியாக அதிராது. பெரும்பாலும் வலி இல்லாததால் வீட்டில் தெரியாது; வகுப்பில் ‘கவனிக்காத பிள்ளை’ என்று பெயர் விழும்.

கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இந்தச் சதையைப் பற்றி எழுதியது 1868இல். நுவரெலியாவின் உயரமும் 1,868 மீட்டர்தான், ஞாபகம் வைக்க வசதி. ஆனால் இன்றும் மந்திரித்த நூல் கட்டுவதிலும் காதில் பூண்டு எண்ணெய் விடுவதிலும் மாதங்கள் போகின்றன. முதலாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிச் சோதனை செய்யக் காசு ஒதுக்கினால் என்ன?

சரி, ஒப்பரேஷன். மூக்கு ஸ்பிரே அடித்துச் சில மாதம் பார்த்தும் குறையாவிட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், காதில் நீர் வற்றாவிட்டால் அது தேவைப்படலாம். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுப்பார்கள். முகத்தில் வெட்டு, தையல் கிடையாது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு. பிறகு மூக்கிலோ வாயிலோ புது ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொன்று, அக்கா. பிள்ளையின் மென்னண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்னால் உள்ள மெத்தென்ற பகுதி) இத்தனை நாளும் அந்தச் சதையில் முட்டித்தான் மூக்கின் பின்வாசலை மூடிப் பழகியிருக்கும். இனிமேல் அது இன்னும் கொஞ்சம் எட்ட வேண்டும். பழகும்வரை சில பிள்ளைகளுக்குக் காற்று மூக்கு வழியே கசியும். சில நாள், சில வாரம், ‘அப்பா’ என்று கூப்பிட்டால் ‘அம்மா’ என்று கேட்கலாம்.