மாற்றுப்பணியா, பணித்தடமா?

என் அக்கா மகள் பாஸ்டனில் உயிர்மருத்துவ ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கி, நான்கு ஆண்டு போஸ்ட்டாக் ஆக, அதாவது பட்டத்துக்குப் பிறகும் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்பவராக, இருந்தவள். இப்போது மருந்துக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதும் வேலையில் இருக்கிறாள். போன மாதம் ஓர் இணையக் கூட்டத்தில் அவளை அறிமுகப்படுத்தியவர், "மாற்றுப்பணிக்குச் சென்ற ஆய்வாளர்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உடனே கேட்டார்: "எத்தனை வருஷத்துக்குப் போட்டிருக்காங்க? எப்பத் திரும்பணும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மாற்றுப்பணி என்றால் டெபுடேஷன். பணியிடம் பழைய பள்ளியில் அப்படியே இருக்கும். ஆள் மட்டும் கொஞ்ச காலம் வேறு பள்ளியில் பாடம் நடத்துவார்.

முனைவர் பட்டம் பெற்றவர்கள் பேராசிரியர் பதவிக்கு வெளியே போகும் வேலைகளை ஆங்கிலத்தில் 'ஆல்டர்நேட்டிவ் கரியர்' என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. பொருள் மோதுவது ஒருபக்கம் இருக்கட்டும். மாற்றுச் சாவி, மாற்றுத்துணி, மாற்றுப்பாதை எல்லாவற்றிலும் அசல் ஒன்று வேறெங்கோ இருக்கிறது. அது கைவசம் இல்லாதபோதுதான் இது. தங்கத்துக்கு மட்டும் 'பத்தரை மாற்று' பெருமை. 'மாற்றுச் சிந்தனை என்று மெச்சுவதில்லையா?' என்று சிலர் மடக்குவார்கள். மெச்சலாம். ஆனால் அங்கேயும் எதிரே ஒரு பெரும்பான்மை நிற்கிறது.

இங்கே அந்தப் பெரும்பான்மை எங்கே? அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) அமைத்த குழு 2012இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். அங்கே படித்த உயிர்மருத்துவ முனைவர்களில் நிலையான பேராசிரியர் பதவியிலோ அதற்கான வரிசையிலோ இருந்தவர்கள் 1993இல் 34 விழுக்காடு. அறிக்கை வந்தபோது 26. நான்கில் மூன்று பேர் போகும் வழிக்கு 'மாற்று' என்று பெயர் வைப்பது எந்த ஊர்க் கணக்கு? அடுத்த ஆண்டே என்.ஐ.எச். 'பெஸ்ட்' என்றொரு திட்டம் தொடங்கியது. 17 கல்வி நிறுவனங்களுக்குப் பணம் கிடைத்தது. ஆய்வு மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும் மருந்து நிறுவனம், காப்புரிமை, கொள்கை வகுப்பு, அறிவியல் எழுத்து என ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்க ஏற்பாடு. அதன் முழுப்பெயரே 'அனுபவங்களை விரிவாக்குதல்' என்றுதான் தொடங்குகிறது. 'மாற்று' என்ற பேச்சே அதில் இல்லை. ஆங்கிலக்காரர்களே கைவிட்டுவந்த சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் பத்திரமாகத் தமிழில் எடுத்துவைத்திருக்கிறார்கள்.

சரி, 'கரியர்' என்பதற்கு என்ன? லத்தீனில் 'காரஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வண்டி போகும் பாதை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் பந்தய ஓட்டக்களம், அப்புறம் வாழ்நாள் வேலை. நம்மிடம் வண்டித்தடம் இருக்கிறது. கொங்குப் பக்கத்தில் வழிக்கே தடம் என்றுதான் பெயர். ஆகவே பணித்தடம். பலவகை என்று காட்ட 'பணித்தடங்கள்' என்ற பன்மையே போதும். 'பல்துறைப் பணிகள்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரே ஆளை நாலு துறைக்கு ஓடவிட்டது போல இருக்கிறது. 'தொழில் வாழ்க்கை' தப்பில்லை, ஆனால் பன்மையில் 'தொழில் வாழ்க்கைகள்' என்று எழுதிப் பாருங்கள், பேனாவே நின்றுவிடும்.

போஸ்ட்டாக்கை 'முதுமுனைவர்' ஆக்கியதும் இதே ஆட்கள்தான். போஸ்ட் கிராஜுவேட் முதுகலை என்றால் இதுவும் 'முது'வாம்! ஆனால் இது பட்டமே அல்ல. என்.ஐ.எச்.சும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 2007இல் இதை, வழிகாட்டியின் கீழ் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறும் தற்காலிகப் பயிற்சி என்றே வரையறுத்தன. அதனால் நான் 'முனைவர் பட்டப் பின்னாய்வாளர்' என்று எழுதுகிறேன். நீளம்தான், பேச்சில் போஸ்ட்டாக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் முதலில் முனைவர், அடுத்து முதுமுனைவர் என்று இரண்டையும் தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம், "அடுத்த பட்டம் என்னம்மா?" என்று கேட்டார்கள்.