போலோவா ஸ்விஃப்டா? ஓட்டும் ருசிக்கு விலை கொடுக்கும் பாகங்கள்

கொஞ்சம் சுறுசுறுப்பான ஒரு சின்னக் கார் வேண்டும், பட்ஜெட்டும் இடிக்கக் கூடாது என்று இந்தியாவில் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இறங்குகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுகிற பெயர்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-ல் வந்தது, 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், ஏழு கியர் டிஎஸ்ஜி என்கிற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இன்னொன்று மாருதி ஸ்விஃப்ட். முதல் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் கண் விரிப்பார்கள், மீதிப் பேர் "கியர்பாக்ஸ் போனால் என்ன செய்வாய்?" என்பார்கள். இரண்டாவது பெயரைச் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நம்பகமும் ஓட்டும் சந்தோஷமும் எதிரெதிர், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றுதான் பொதுவாகப் பேசிக்கொள்கிறோம். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. ஒரு காரின் ருசி எந்தப் பாகத்தில் பிறக்கிறது, அந்தப் பாகம் எவ்வளவு சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கியபடி வேலை செய்கிறது என்று பார்த்தால், சில சந்தோஷங்களுக்கு நம்பகத்தில் செலவே இல்லை என்பது புரியும். சிலவற்றுக்கு உண்டு.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2021-ல் வந்த ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் இன்ஜின் தருவது 90 பிஎஸ் (குதிரைத்திறன்). வண்டி எடை சுமார் 900 கிலோ. போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 பிஎஸ். எடை 1100 கிலோவை ஒட்டி வரும். ஒரு டன் எடைக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்தால் ஸ்விஃப்டுக்கு 100, போலோவுக்கு 95. அதாவது காகிதத்தில் ஸ்விஃப்ட்தான் முன்னால். ஆனால் இரண்டையும் ஓட்டிப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காரணம், பிஎஸ் கணக்கு இன்ஜினின் உச்ச சக்தியைச் சொல்கிறது. அது கிடைப்பது இன்ஜின் அலறும்போது. ஊருக்குள் நாம் ஓட்டுவது 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) பக்கத்தில். நாம் 'பிக்கப்' என்று சொல்வது அங்கே கிடைக்கும் இழுவையைத்தான். சக்தி என்பது டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்கு விசையை, சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவது. போலோவின் முழு 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் 1600 ஆர்பிஎம்முக்கு முன்பே கிடைத்துவிடும். ஆக 2000 ஆர்பிஎம்மில் அது 50 பிஎஸ் தருகிறது. ஸ்விஃப்டின் உச்ச டார்க் 113, அதுவும் 4400 ஆர்பிஎம்மில். அந்த 113-ஐயும் 2000-லேயே கொடுத்துவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 32 பிஎஸ்தான் தேறும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் முதுகு சீட்டில் அழுந்துகிறதா இல்லையா என்பது இந்த 50-க்கும் 32-க்கும் உள்ள இடைவெளி.

அந்த இடைவெளியை உண்டாக்குவது டர்போ. புகையாக வெளியே போகிற சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் போல நடந்துகொள்ளும். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிறது. ஒரு முனையில் 900 டிகிரியைத் தொடும் வாயு, நடுவில் தண்டைத் தாங்கி நிற்பது மயிரிழை தடிமனுக்கும் குறைவான எண்ணெய்ப் படலம். எண்ணெய் பழசானாலோ, அளவு குறைந்தாலோ, விரட்டி ஓட்டிவிட்டு வந்த கையோடு இன்ஜினை அணைத்தாலோ அந்தப் படலம் கருகிப் படியும். இப்போதைய டர்போக்களில் தண்ணீர்க் குளிர்ச்சி இருப்பதால் இந்தத் தொல்லை நிறையக் குறைந்துவிட்டது. எண்ணெய் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுகிற பழக்கத்துக்கு மட்டும் டர்போ இன்ஜினில் மன்னிப்பு கிடையாது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாதது. டர்போவோடு, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி எரிபொருள் செலுத்தலும் சேர்ந்த இன்ஜின்களில் வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவதே சில நேரம் ஆபத்து. டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டரில் தீப்பிடிக்கலாம். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு எதிரே வந்து அறையும். மோசமான நேரத்தில் பிஸ்டனே உடையும். இன்ஜின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் சார்ந்த பொருள்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகு ஆயில் தயாரிப்பே மாறியது. 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரம் இந்த முன்கூட்டிய எரிப்பைத் தடுக்கிறதா என்றும் சோதிக்கிறது. டர்போ வண்டி வைத்திருப்பவர் ஆயில் டப்பாவில் 'எஸ்பி' என்ற எழுத்தைத் தேடுவது வீண் வேலை இல்லை. மைலேஜுக்காக டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகிற நம் பழக்கம் இந்த இன்ஜின்களுக்கு நல்லதல்ல.

நேரடிச் செலுத்தலின் இன்னொரு பக்கவிளைவு கரி. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறம் தெளிக்கப்பட்டு உள்ளே போகும். போகிற போக்கில் வால்வைக் கழுவிவிடும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சினால் வால்வு கழுவப்படுவதில்லை; இன்ஜினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி அதன்மேல் வருடக் கணக்கில் படிந்து தடிக்கும். ஸ்விஃப்டின் அந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்கள் உண்டு, ஆனால் இரண்டுமே பழைய முறையில் வால்வுக்கு வெளியே தெளிப்பவை. புதுமை குறைவுதான். வால்வு சுத்தமாக இருக்கும்.

சரி, எல்லோரும் பயப்படுகிற கியர்பாக்ஸுக்கு வருவோம். டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச்கள். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. நீங்கள் இரண்டில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியர் பல் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுபடாமல் கியர் மாறிவிடும். ஓட்டுகிறவருக்கு அது போதை. போலோவில் இருக்கும் டிகியூ200 வகையில் இந்தக் கிளட்ச்கள் உலர்ந்தவை. பல்சக்கரங்களுக்கு எண்ணெய் உண்டு, கிளட்ச்களுக்குக் கிடையாது. எண்ணெயைச் சுற்றவைக்கும் செலவு மிச்சமாவதால் மைலேஜ் கூடும். ஆனால் சூட்டைக் கொண்டுபோகவும் ஆளில்லை.

அந்தச் சூடு எவ்வளவு? முதல் கியரில் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஆகும்போது சக்கரம் அதோடு முழுதாகப் பிணைந்தால் வண்டி மணிக்கு ஆறு கிலோமீட்டர் போலப் போகும். நெரிசலில் மூன்று கிலோமீட்டரில் ஊர்ந்தால், கிளட்ச் பாதி வழுக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். இன்ஜின் கொடுக்கும் சக்தியில் சரிபாதி அங்கேயே வெப்பமாகிவிடும். இன்னும் மோசம், மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டபடி, பிரேக் பிடிக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது. ஆட்களோடு 1200 கிலோ, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், வண்டி பின்னால் உருளாமலிருக்கக் கிளட்ச் சுமார் 11 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கொடுத்தபடி முழுதாக வழுக்க வேண்டும். அதை 800 ஆர்பிஎம்மோடு பெருக்கினால் 900 வாட் வருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை மூடிய கியர்பாக்ஸ் கூட்டுக்குள் வைத்து ஸ்விட்ச் போட்ட மாதிரி. அந்த வெப்பத்தை வாங்குவது நாலு கிலோ இரும்பு என்று கணக்குப் போட்டால், குளிர வழியே இல்லாதபோது நிமிடத்துக்கு 30 டிகிரி ஏறும். அப்புறம் கிளட்ச் உராய்வுத் தகடு அதிர ஆரம்பிப்பதில் ஆச்சரியமென்ன?

பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கிலும் இதே வழுக்கல் உண்டு, இதே வெப்பமும் உண்டு. ஆனால் அங்கே வழுக்குவது எண்ணெய். சூடான எண்ணெய் கூலருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். தேயும் உராய்வுத் தகடு அந்த வேலையில் இல்லை. 2020-ல் போலோ ஒரு லிட்டர் டர்போவுக்கு மாறியபோது ஆட்டோமேட்டிக்கில் வந்தது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர்தான். கியர் மாறும் மின்னல் வேகம் கொஞ்சம் குறைந்தது. நெரிசலில் தவழும் நிம்மதி கூடியது. சென்னை, பெங்களூர் போக்குவரத்தில் தினமும் ஆபீஸ் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த மாடலைத்தான்.

டிகியூ200-க்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2012-ல் சீனாவில் அதற்கு உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டராக நீட்டினார்கள். அடுத்த வருடம் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2013 நவம்பரில் உலகின் பல நாடுகளிலுமாகச் சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்ற முடிவானது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், அந்தச் செயற்கை எண்ணெயால் கியர்பாக்ஸின் மின்சார வழங்கலில் கோளாறு வரலாம் என்பது நிறுவனமே சொன்ன காரணம். நம் கடற்கரை நகரங்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நெடுஞ்சாலையில் ஓடும் டிஎஸ்ஜிக்கு வழுக்கலே அபூர்வம், ஆகவே சூடும் கிடையாது. ஒரே கியர்பாக்ஸ், இரண்டு விதமான ஆயுள்.

இனி, செலவில்லாத சந்தோஷம் எங்கே என்று பார்க்கலாம். 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐயில் டர்போ இல்லை, இரட்டைக் கிளட்சும் இல்லை. 1.6 லிட்டர், 110 பிஎஸ், எடை சுமார் 810 கிலோ. டன்னுக்கு 136 பிஎஸ்! வேகமான ஹேட்ச்பேக் என்ற வகையே அதற்குப் பிறகுதான் பிரபலமானது. எடை குறைந்தால் கிளட்ச், பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ் என்று எல்லாவற்றுக்கும் வேலை குறையும். ஓட்டுநரையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்விஃப்டை ஒரு வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பம் போலோவில் பிறப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. திருப்பத்தில் வண்டி சட்டென்று மூக்கைத் திருப்பும் குணமும் அதே எடைக் குறைவிலிருந்துதான் வருகிறது. இந்த ருசிக்காக எந்தப் பாகமும் கூடுதலாகத் தேயவில்லை. நான்கு வழிச் சாலையில் 110-ல் போகும்போது போலோவின் கனம் தரும் நிதானம் ஸ்விஃப்டில் கிடைக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

டயரில் கதை தலைகீழ்: அங்கே ருசிக்குச் செலவு உண்டு. 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர், 165 மில்லிமீட்டர் அகலத்தில் 80 சதவீதம், 132 மில்லிமீட்டர். ஹூண்டாய் ஐ20 என் லைனில் வரும் 195/55 ஆர்16-ல் 107 தான். சுவர் குட்டையானால் ஸ்டியரிங் கூர்மையாகும், பள்ளத்தில் அலாய் சக்கரம் வளையும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு கியர்பாக்ஸ் செலவுக்குப் பக்கத்திலேயே வராது என்பதால் இந்தப் பரிமாற்றத்தை நான் தாராளமாக ஒப்புக்கொள்வேன்.

நம்பகக் கணக்கெடுப்புகளை நம்பலாமா என்றால், எண்ணும் முறையைப் பார்த்துவிட்டு நம்பலாம். நூறு கார்களுக்கு எத்தனை புகார் என்று எண்ணுகிறவர்களுக்கு புளூடூத் இணையாததும் ஒரு புகார், கியர்பாக்ஸ் கழன்றதும் ஒரு புகார். வாங்குகிறவருக்கு வேண்டியது எண்ணிக்கையைவிட, போனால் ஆகும் செலவும் ஸ்பேர் கிடைக்கும் வாய்ப்பும். 2015-ல் வந்த ஃபியட் புன்டோ அபார்த் 145 பிஎஸ், மேனுவல் கியர், பழைய பாணி எரிபொருள் செலுத்தல். எந்திரமாகப் பார்த்தால் நான் மேலே சொன்ன பாதிக் கவலைகள் அதற்கு இல்லை. ஆனால் ஃபியட் பெயரில் இந்தியாவில் கார் விற்பது நின்று வருடங்களாகிவிட்டன. ஒரு பாகத்துக்காக வாரக் கணக்கில் காத்திருக்கும் கார், ரிப்பேரே ஆகாத இன்ஜின் வைத்திருந்தாலும் ஓடாத கார்தான்.

பழைய டிஎஸ்ஜி போலோ ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், காலையில் குளிர்ந்த இன்ஜினோடு ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டுவது எதையும் காட்டாது. மாலை நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு லேசான ஏற்றத்தில் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டர் தொடாமல் நகரவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்திலோ, புறப்படும் நொடியிலோ தரை வழியாக அதிர்வு வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸில் ஏற்றம் ஏற்றிப் பாருங்கள். அந்த வேலையை இரண்டாவது கிளட்ச் செய்வதால் அதன் நிலையும் தெரிந்துவிடும். அப்புறம் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். ஆயில் மாற்றிய தேதிகளுக்கிடையே இரண்டு வருட இடைவெளி இருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.