ஒரு ஆண் சிங்கத்தைக் காட்டிலிருந்து எடுத்தால் என்ன நடக்கும்?

ஊருக்குள் சிங்கம் நடமாடுகிறது என்று செய்தி வந்தாலே, "பிடித்து ஏதாவது உயிரியல் பூங்காவில் விட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

பிடிப்பதே பெரும்பாடு. சினிமாவில் வருவதுபோல் மயக்க ஊசி பட்டதும் சிங்கம் பொத்தென்று விழுந்துவிடாது. மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் புதருக்குள் மறைந்துவிடலாம். பெரும்பாலும் கெட்டமின், சைலசின் என்ற இரண்டு மயக்க மருந்துகளைக் கலந்து கொடுக்கிறார்கள். கெட்டமின் மயக்கத்தில் கண் மூடாது. இமைக்காத கண் காய்ந்து புண்ணாகாமல் இருக்கக் களிம்பு தடவி, மேலே துணியைக் கட்டுவார்கள். உடல் சூட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். ஏறினால் தண்ணீர் ஊற்றித் தணிக்க வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிட எடை தெரிய வேண்டும், ஆனால் அதை ஊசி போடும் முன்பே கண்ணால் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். உண்மையான சிக்கல் பின்னால் இருக்கிறது. அந்த ஆண் சிங்கம் காத்துவந்த எல்லை இப்போது காலி. புதிய ஆண்கள் நுழைவார்கள். பாலூட்டும் பெண் சிங்கம் இணைக்கு வராது; குட்டிகள் தனித்து நிற்க ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகும். வந்தவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை, முந்தைய ஆணின் சிறு குட்டிகளைக் கொன்றுவிடுவார்கள். குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டும் இணை சேரும். வண்டியில் ஏறியது ஒரு சிங்கம்தான். காட்டின் கணக்கில் குறைந்தவை அதைவிட அதிகம்.

சரி, பூங்காவிலாவது இனம் பத்திரமாக இருக்குமா? சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கங்களும் சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கலந்து இனப்பெருக்கம் செய்தன. பிறகு அந்தக் கலப்பினங்களின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அதற்காக, எங்கும் நகர்த்தவே கூடாது என்று சொல்லவும் முடியாது. 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள். எண்ணிக்கை மகிழ்ச்சியைத் தந்தாலும், உலகில் ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மட்டும்தான். 1994இல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியின் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. அதே வைரஸ் 2018இல் கிர் பகுதியிலும் தலைகாட்டியது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோயே இனத்தை அழித்துவிடுமோ என்ற பயத்தை முன்பே உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2013இல் சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொன்னது. சிங்கம் போகவில்லை, 2022இல் அங்கே நமீபியாவின் சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின!

மாற்றினாலும் தங்குமா என்பது வேறு கேள்வி. 1957இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா காட்டில் ஒரு ஆணையும் 2 பெண்களையும் விட்டார்கள். அவை 11 ஆகப் பெருகின. 1960களின் நடுவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் 2023இல் ஆண் சிங்கம் ஒன்று, ஊசியும் கூண்டும் இல்லாமல், குஜராத்தின் பர்தா சரணாலயத்துக்குத் தானே நடந்து போய்ச் சேர்ந்தது.