ஏசிக்கு கேஸ்: கேஜைப் பார்த்தா, எடை போட்டா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கேட்கும் பேச்சு இது: "கூலிங் குறைஞ்சிருக்கு, கேஸ் போட்டாப் போதும்." வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்று நம்புகிறவர்களும் நிறைய. ஸ்பிளிட் ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைத் தேடாமல் மேலே மேலே நிரப்பினால், அடுத்த கோடையிலும் அதே செலவுதான்.

இன்டோர் காயிலுக்குள் இந்த கேஸ் திரவமாக நுழைந்து குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியானதை கம்ப்ரஸர் அழுத்தி அவுட்டோர் காயிலுக்குத் தள்ள, அங்கே வெப்பத்தை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு கேப்பில்லரி என்ற மெல்லிய குழாயிலோ, இன்வெர்ட்டர் மாடல்களில் பெரும்பாலும் மின்னணு வால்விலோ நுழைந்து அழுத்தம் இழக்கிறது.

எந்த அழுத்தத்தில் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பது ஒவ்வொரு கேஸுக்கும் நிலையான கணக்கு. ஆர்-32 என்ற கேஸ் வகை என்றால், கேஜில் (அழுத்தமானியில்) 123 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும்போது 5 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பழைய ஆர்-22 அதே 5 டிகிரிக்கு சுமார் 70 பிஎஸ்ஐ காட்டும். ஆக, கேஜ் உண்மையில் அளந்து சொல்வது கொதிநிலையைத்தான். உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சமையல் சிலிண்டர் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் அதைத் தராசில் வைத்துப் பார்க்கிறோம். ஏசியிலும் அப்படியே. 30 டிகிரியில் அணைத்து வைத்த ஆர்-32 ஏசியில் கேஜ் 265 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். பாதி கேஸ் போயிருந்தாலும், உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரை அதே 265தான். "பிரஷர் இருக்கு, கேஸ் இருக்கு" என்பதை இந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது பார்த்தால்? அப்போதும் கேஜ் மட்டும் போதாது. ஆர்-32 ஏசியில் 90 பிஎஸ்ஐ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலை மைனஸ் 4 டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டது; காயிலில் ஐஸ் கட்டும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கேஸ் குறைவு, அல்லது ஃபில்டரும் காயிலும் அழுக்கேறி, ப்ளோயரில் தூசி அப்பி, காற்று போகாமல் இருப்பது. பிரித்தறிய, ஆவி கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாயில் வெப்பமானியைக் கட்டிப் பாருங்கள். அங்கே 20 டிகிரி இருந்தால், திரவம் காயிலின் தொடக்கத்திலேயே கொதித்துத் தீர்ந்து, மீதி தூரமெல்லாம் வெறும் ஆவியாக வந்து சூடேறியிருக்கிறது என்று பொருள். கொதிநிலைக்கும் குழாய்க்கும் உள்ள இந்த 24 டிகிரி வித்தியாசத்தைத்தான் சூப்பர்ஹீட் என்கிறார்கள். இந்த அளவுக்கு இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். மாறாக, தடித்த குழாயும் சில்லென்று வியர்த்து, வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் கேஸ் இருக்கிறது, காற்றுதான் இல்லை. இந்த நிலையில் கேஸ் ஏற்றுவது கெடுதல். பின்னால் ஃபில்டரைக் கழுவும்போது கேஸ் அதிகமாக நிற்கும், திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும், ஆம்பியரும் ஏறும்.

கேஜ் மாட்டாமலே ஒரு துப்பு கிடைக்கும். அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் வால்வில் வெண்பனி படிந்து, தடித்த குழாய் உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவுதான். நம் ஊர் ஸ்பிளிட்களில் கேப்பில்லரி பொதுவாக அவுட்டோரிலேயே இருப்பதால், மெல்லிய குழாயில் வருவதும் அழுத்தம் இழந்த குளிர்ந்த கலவைதான். இன்வெர்ட்டர் ஏசி என்றால் சோதனையின்போது, கம்ப்ரஸர் வேகம் குறையாமல் ஓடும் டெஸ்ட் ரன் நிலையில் ஓடவிட வேண்டும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது எடுக்கும் அளவுக்கு அர்த்தமே இல்லை.

கசிவு அதிகம் தென்படும் இடங்கள் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வின் பின், இன்டோர் காயில். கால் அங்குல ஃப்ளேர் நட்டுக்கு 16 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். பலம் காட்டினால் விளிம்பு பிளந்து அங்கேயே கசியும். சாக்கடை, கழிவுநீர்க் கால்வாய் அருகில் உள்ள வீடுகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு காயில் செம்பைக் கறுப்பாக்கி அரிக்கிறது. அப்படி அரித்த காயிலில் ஓட்டையை ஒட்டிக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது லாபம்.

கசிவு தேடும்போது மீந்த கேஸை சிலிண்டருக்கு மீட்டெடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவ வேண்டும். 400 பிஎஸ்ஐயில் இரவு நிறுத்திவைத்தால், 35 டிகிரி 30 ஆகும்போது கசிவே இல்லாமல் 7 பிஎஸ்ஐ இறங்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். ஆக்சிஜனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக்கூடாது. உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்தது வேக்குவம், அதாவது உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பலர் தாவிவிடும் படி இதுதான். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் துரத்தினால் ஈரம் போகாது. ஆர்-32, ஆர்-410ஏ ஏசிகளில் பொதுவாக ஊற்றும் பாலியெஸ்டர் ஆயில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸர் சுருளின் பூச்சைத் தின்னும். பம்ப் போட்டு உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். அழுத்தம் மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சாதாரண கேஜின் முள் இந்த வித்தியாசத்தைக் காட்டாது, மைக்ரான் கேஜ் வேண்டும்.

இனிதான் கேஸ். எவ்வளவு என்பது அவுட்டோரின் பெயர்ப்பலகையிலேயே கிராம் கணக்கில் அச்சாகியிருக்கும். குழாயின் நீளம் ஏசி நிறுவனம் சொன்னதைத் தாண்டினால், மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று கையேட்டில் இருக்கும். சிலிண்டரை டிஜிட்டல் தராசில் வைத்து, ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றி, எடை குறைவதைப் பார்த்தபடி விட வேண்டும். ஏற்கெனவே எத்தனை கிராம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டாப்-அப் எப்போதும் உத்தேசம்தான். முழுதும் எடுத்துவிட்டு முழு எடையையும் போடுவதுதான் சரி. ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை. அதை சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும், ஆவியாக எடுத்தால் விகிதம் மாறும். ஆர்-32 தனிப் பொருள், இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஆர்-32 தீப்பற்றக்கூடியது. லேசில் பற்றாது என்றாலும், கேஸ் உள்ளே இருக்கையில் குழாய் ஒட்டும் தீ டார்ச்சைப் பிடிக்கக்கூடாது. எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய நச்சு வாயு வரும். ஏசியைக் கழற்ற பம்ப் டவுன் (கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது) செய்யும்போதும் கவனம் தேவை. கேஸ் முழுதும் அவுட்டோருக்கு வந்ததும் கம்ப்ரஸரை உடனே நிறுத்திவிட வேண்டும். குழாய் கழன்றோ கசிந்தோ காற்றை உறிஞ்சியபடி ஓடினால், ஆயில் துளிகளும் காற்றும் அழுத்தத்தில் சூடாகி கம்ப்ரஸரே வெடிக்கும்.