இரும்பைத் தொடாமல் செம்பைக் கரைப்பது

பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்றை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எஃகின் சாம்பல் நிறத்துக்கு நடுவே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். பார்த்தவுடன் துரு என்றுதான் நினைக்கத் தோன்றும். துருவும் இருக்கலாம். ஆனால் குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் திருகு வரிகளின் மேடுகளை ஒட்டி மினுமினுப்பாக நீண்டு ஓடினால் அது செம்பு. இத்தனை வருடங்களாக அந்தக் குழல் வழியே போன குண்டுகள் ஆளுக்குக் கொஞ்சமாக விட்டுச்சென்றது.

குண்டில் செம்பு எதற்கு? 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ரைஃபிள் குண்டு என்றால் வெறும் ஈயம்தான். கரும்புகை வெடிமருந்தின் வேகத்துக்கு அது போதும். 1886-இல் பிரெஞ்சு ராணுவம் புகையில்லா மருந்தோடு லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்ததும் கதை மாறியது. வேகம் ஏறியது, ஈயம் தாங்கவில்லை. 327 டிகிரி செல்சியஸில் உருகுகிற மென்மையான உலோகம் அது. குழலின் வரிகளைப் பிடித்துச் சுழல்வதற்குப் பதில் வழித்துக்கொண்டு போய்விடும். சுவிட்சர்லாந்து ராணுவ அதிகாரி எடுவார்ட் ரூபின் 1880-களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி கண்டிருந்தார்: ஈயத்துக்கு மேல் செம்பு உறை. இன்று பரவலாக இருக்கும் உறை, 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்தது.

உறை போட்ட குண்டு குழலைவிட இம்மியளவு தடிமனாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் வரிகள் அதைக் கடிக்கும். லீ-என்ஃபீல்டில் பொதுவாக ஐந்து வரிப்பள்ளங்கள், இடப்பக்கச் சுழல், பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. அதன் மார்க் 7 வகைக் குண்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 744 மீட்டர். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,75,000 சுற்று வருகிறது. 640 மில்லிமீட்டர் நீளக் குழலை அது கடக்க இரண்டு மில்லிநொடிகூட ஆகாது. பின்னால் தள்ளும் வாயுவின் அழுத்தமோ நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல மூவாயிரம் மடங்கு அளவில். இந்த நெருக்கத்தில் செம்பின் மேற்பரப்பு எஃகோடு ஒட்டிக் கிழிகிறது. ஒரு குண்டு விட்டுச்செல்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒட்டிய செம்பின் மேல் அடுத்த செம்பு இன்னும் எளிதாக ஒட்டும்.

குழல் வயதானதாக இருந்தால் ஒட்டுவதற்கு இடமும் அதிகம். தோட்டா அறையைத் தாண்டி வரிகள் தொடங்கும் இடத்தைத்தான் மருந்தின் சூடு முதலில் தின்கிறது. அங்கே எஃகு நொடிக்குள் சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து, வறண்ட ஏரிப்படுகைபோல வெடிப்பு விட்டிருக்கும். .303-இன் மருந்தான கார்டைட் இதில் பெயர்போனது. முதல் வகைக் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின்; அதன் சூட்டைக் குழல்கள் தாங்காததால் பிறகு 30 சதவீதமாகக் குறைத்தார்கள். நீலகிரியில் குன்னூர் பக்கம் அருவங்காட்டில் ரயில் நிற்கிறதே, அந்த ஊர்த் தொழிற்சாலை தொடங்கியதே இந்தக் கார்டைட்டுக்காகத்தான்.

சரி, கொஞ்சம் செம்பு ஒட்டினால் என்ன கெட்டுவிடும்? கொஞ்சம் என்றால் ஒன்றும் கெடாது, சொல்லப்போனால் நல்லதுதான். குழலின் சின்னச்சின்னக் குழிகளை அது நிரப்பிச் சமமாக்கிவிடும். அளவு மீறும்போதுதான் தொல்லை. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிவதால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமாக உரசிக்கொண்டு போகும். இலக்கில் விழும் இடங்கள் சிதறும். இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்க, இடுக்கில் ஈரம் புகுந்தால், அது ஒரு குட்டி மின்கலம். அதில் கரைவது இரும்புதான். செம்பு பத்திரமாக மேலே உட்கார்ந்திருக்க, அடியில் எஃகு குழி விழுந்துகொண்டிருக்கும்.

சுத்தம் செய்ய நினைப்பவரின் தலைவலியும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. எலக்ட்ரானை இழக்கும் ஆர்வத்தை வைத்து உலோகங்களை வரிசைப்படுத்தினால் இரும்பு மைனஸ் 0.44 வோல்ட்டிலும் செம்பு பிளஸ் 0.34 வோல்ட்டிலும் நிற்கின்றன. அதாவது இரும்பு சட்டென்று கரையும், செம்பு அடம்பிடிக்கும். நமக்கு வேண்டியதோ நேர்மாறு. வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதை இங்கே செய்யலாமா? கூடாது. புளியில் உள்ள அமிலம் செம்பின் மேல் படிந்த கறுப்பான ஆக்சைடைக் கரைக்குமே தவிர, செம்பை அநேகமாகத் தொடாது. குடம் பளபளப்பதன் ரகசியமே அதுதான். குழலுக்குள் அதே புளித்தண்ணீரை ஊற்றினால் செம்பு பளபளப்பாகிவிடும், எஃகு அரிபடும். நைட்ரிக் அமிலம் போன்ற கடுமையானவை செம்பைக் கரைக்கும், குழலையும் சேர்த்து.

இந்த இடத்தில்தான் அமோனியா வருகிறது. செம்பின் மேற்பரப்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எப்போதும் தாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலமே கவசமாகி அடுத்த தாக்குதலைத் தடுத்துவிடும். அமோனியா அந்தக் கவசத்தை நிற்க விடாது. ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு அமோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். கீழே புதுச் செம்பு வெளிப்படும், ஆக்சிஜன் அதைத் தாக்கும், அமோனியா அதையும் இழுக்கும். அப்படி உருவாகும் கரைசலுக்கு அபாரமான கருநீல நிறம். பள்ளி ஆய்வகத்தில் காப்பர் சல்ஃபேட்டில் அமோனியா விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த நீலம் மறந்திருக்காது.

இரும்பு ஏன் தப்பிக்கிறது? அமோனியா இரும்பு அயனியை இப்படி உறுதியாகப் பிடித்துவைப்பதில்லை. அதோடு அமோனியாக் கரைசல் காரத்தன்மை கொண்டது; காரத்தில் இரும்பின் மேல் உருவாகும் படலம் கரையாமல் நின்று காவல் காக்கும். ஒரே திரவம் ஒரு கவசத்தைக் கழற்றுகிறது, இன்னொன்றை விட்டுவைக்கிறது. வோல்ட் கணக்கில் தலைகீழாக இருந்த வேலை இதனால்தான் நடக்கிறது. குழல் துடைப்பதற்கான பாட்டில் திரவங்களில் பலவற்றைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இந்த அமோனியாதான். நெடியில்லாத புதிய வகைகளில் அமோனியாவுக்குப் பதிலாகச் செம்பைப் பிடித்துக்கொள்ளும் வேறு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பிளீச்சிங் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு.

இதில் ஆக்சிஜனின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழலை அடைத்து அமோனியாவை நிரப்பி வைத்தால் வேகமாக வேலை நடக்கும் என்று தோன்றும். உள்ளே கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேலை மந்தமாகிவிடும். துணியால் மெல்லிசாகப் பூசிக் காற்றுப் பட விடுவதே மேல். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவம் நிரப்பித்தான் வைத்தது, ஆனால் ஒரு சூட்சுமத்தோடு. ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளின் குண்டுகளுக்கு அப்போது செம்பும் நிக்கலும் கலந்த உறை. அது பூச்சாகப் படியாமல் குழல் வாய்ப் பக்கம் கட்டிகட்டியாக ஒட்டும், பிரஷ் போட்டால் அசையாது. அதனால் செறிவான அமோனியாவோடு அம்மோனியம் கார்பனேட்டையும் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டையும் கலந்தார்கள். பெர்சல்ஃபேட் ஆக்சிஜனேற்றும் வேலையைத் தானே செய்யும், காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அறைப்பக்கம் ரப்பர் கார்க், வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் குழாய், நடுவே கரைசல், அரை மணி நேரம். உள்ளே காயவிட்டால் எஃகு துருப்பிடித்துக் குழல் பாழாகும் என்று எச்சரிக்கையும் உண்டு.

இந்த அவஸ்தையைத் தவிர்க்க 1921-இல் அமெரிக்க ராணுவத்தின் ஃபிராங்ஃபோர்டு ஆயுதசாலை, போட்டிகளுக்கான குண்டுகளின் மேல் வெள்ளீயம் பூசிப் பார்த்தது. குழல் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளீயம் நாளடைவில் பித்தளைத் தோட்டாவின் கழுத்தோடு பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொண்டது. பழக்கதோஷத்தில் குண்டுக்கு கிரீஸும் தடவிச் சுட்டவர்களின் ரைஃபிள்களில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறியது. அதோடு அந்த யோசனை கைவிடப்பட்டு, துத்தநாகம் கலந்த செம்பு உறைக்கு மாறினார்கள். வெள்ளீயம் வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. பீரங்கிகளில் மருந்தோடு கொஞ்சம் வெள்ளீயமோ ஈயமோ வைத்தால், அது ஆவியாகிக் குழலில் ஒட்டிய செம்போடு கலந்து நொறுங்கும் தன்மையைக் கொடுக்கும். அடுத்த குண்டே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். முதல் உலகப்போரில் பிரெஞ்சுக்காரர்கள் கையாண்ட உத்தி இது.

இனி வேலைக்கு வருவோம். குழலில் செம்பு மட்டும் தனியாக இருப்பதில்லை. மேலே மருந்துக் கரி, அதன் கீழ் செம்பு, மறுபடி கரி என்று மாறிமாறி அடுக்கு. அமோனியாவுக்குக் கரியைத் துளைக்கத் தெரியாது. எனவே முதலில் கரிக்கான திரவம், துடைப்பு, பிறகு செம்புக்கான திரவம், பத்துப் பதினைந்து நிமிடம், துடைப்பு, மறுபடி கரி. துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: துப்புரவுக் கம்பியின் நுனியும் பிரஷும் பித்தளையாகவோ வெண்கலமாகவோ இருந்தால், அதிலும் செம்புதானே. குழல் எப்போதோ சுத்தமாகியிருக்கும், துணி மட்டும் நீலமாகவே வந்துகொண்டிருக்கும். நைலான் பிரஷ் வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

பித்தளைக்கும் அமோனியாவுக்கும் உள்ள பகை இந்தியாவில் ஆங்கிலேயரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தானாக வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும், தோட்டாவை இழுத்து வடிவமைத்தபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்த வேலை அது. காரணத்தை முழுசாக விளக்கி எழுதியது 1921-இல்தான்.

பழைய .303 தோட்டாக்களைச் சுட்ட குழலுக்கு இன்னொரு சிகிச்சையும் உண்டு. அவற்றின் கேப்பில், அதாவது அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், தீக்குச்சித் தலையில் இருக்கும் அதே பொட்டாசியம் குளோரேட். எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகிறது. சமையல் உப்பின் உறவுக்காரன், காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைப்பான். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியது இதற்காகத்தான். சூடான குழல் சீக்கிரம் காய்ந்தும்விடும். அதன்பின் புல்த்ரூ, குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு. போலீஸிலும் என்.சி.சி.யிலும் இருந்தவர்களுக்கு அந்தக் கயிறு பழக்கம். அதைக் கோணலாக இழுத்து இழுத்தே வாயோரம் தேய்ந்த ரைஃபிள்களும் உண்டு.

மின்சாரத்தாலும் செம்பை எடுக்கலாம். குழலில் கரைசல் நிரப்பி, நடுவே சுவரைத் தொடாமல் ஓர் எஃகுக் கம்பி நிறுத்தி, குழலை நேர்முனையாகவும் கம்பியை எதிர்முனையாகவும் இணைத்தால் செம்பு கழன்று கம்பியில் போய்ப் படியும். முலாம் பூசுவதன் மறுபக்கம். வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் இரும்பும் கிளம்பிவிடும் என்பதால், அனுபவமில்லாத கைகளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

புதுக் குழலில் நீலம் முழுக்க மறையும்வரை துடைக்கலாம். வெடிப்பும் குழியும் விழுந்த கிழட்டுக் குழலில் அந்தப் பிடிவாதம் எதற்கு? குழிகளை நிரப்பியிருந்த செம்பையும் பிடுங்கிவிட்டால், சுத்தம் செய்தபின் முதலில் சுடும் குண்டுகள் முன்னைவிட மோசமாகச் சிதறும். குழிகள் மறுபடி நிரம்பிய பிறகே குழல் தன் பழைய நிதானத்துக்கு வரும். மேடுகளில் செம்பு போய், துணியில் வெளிர்நீலம் மட்டும் வரும்போது நிறுத்துவது என் கட்சி. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் தூங்கப்போகும் ரைஃபிள் என்றால் மட்டும் கடைசிவரை எடுத்துவிடலாம், அடியில் நடக்கும் அரிப்பு நிற்க வேண்டுமே. எப்படியானாலும் அமோனியா மிச்சமில்லாமல் துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசிவிடுங்கள். சுடுவதற்கு முன் அந்த எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும்.