நண்பகல் வெயிலும் இரவு எண்ணெயும்

கூரையில் சோலர் பூட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது: “நல்ல வெயில் எறிக்கிற நேரத்தில்தான் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது.” பெரும்பாலும் இன்வெர்ட்டரில், அதாவது சோலர் பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியில், பழுதிருக்காது. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 6 வீதம் கூடலாம், குறையலாம். ஆகவே மேல் எல்லை ஏறக்குறைய 244 வோல்ட். நண்பகலில் தெருவின் கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியே தள்ளுகின்றன, எடுத்துப் பாவிக்க ஆளில்லை, அழுத்தம் ஏறுகிறது. மின்மாற்றிக்குத் தூரத்தில் உள்ள கடைசி வீடுகளில் இன்னும் ஏறும். எல்லை தாண்டியதும் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

ஏற்றத்தில் ஒரு பங்கு உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கலாம். 5 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் தள்ளுவது சுமார் 22 அம்பியர். அங்கிருந்து மின்மானிக்கு 30 மீற்றர் தூரம் என்று வையுங்கள்; போக வர 60 மீற்றர். 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் என்றால் அதில் மட்டும் 6 வோல்ட் ஏறும். 10 சதுர மில்லிமீற்றர் என்றால் இரண்டரை வோல்ட்டோடு நிற்கும். மெல்லிய கேபிளில் மிச்சம் பிடிப்பது வீண். அந்தக் காசு ஒவ்வொரு வெயில் நாளும் உற்பத்தியாகக் கைவிட்டுப் போகிறது.

நண்பகலில் இன்வெர்ட்டர் முனையிலும் மின்மானி முனையிலும் அடுத்தடுத்து அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 3 வோல்ட்டுக்கு மேல் என்றால் கேபிளையோ தளர்ந்த இணைப்பையோ பாருங்கள். இரண்டு இடத்திலும் உயர்வாக இருந்தால் சிக்கல் வெளியே. இன்வெர்ட்டரின் பதிவுகளோடு மின் பொறியியலாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இன்வெர்ட்டர் துண்டிக்கும் எல்லையை உயர்த்தி அமைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கருகுவது பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கலாம்.

இதே பகல் மின்சார மிகுதிதான் நாட்டு அளவிலும் தொல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். தேவை குறைவு, வெயில் நிறைவு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. நீர், அனல் மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேகமே அதிர்வெண்ணைச் சில விநாடிகள் தாங்கும். சோலர் நிறைந்த வேளையில் அவை குறைவாகவே ஓடும்; சாதாரண கூரை இன்வெர்ட்டருக்கு அந்தத் தாங்கும் பலம் இல்லை. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டதும் இதனால்தான். ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தில் மறுபடி இறக்குமதி எரிபொருளைத்தான் நாடுகிறோம்.

காற்றாலை மின்சாரத்தின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க முடியாது; முன்கூட்டியே குவித்துவைக்க வேண்டும். மன்னாரில் காற்று பலமாக வீசுவது அதே மாதங்களில்தான்.

வெறுமனே சோலர் பலகைகளைக் கூட்டிக்கொண்டே போனால், எரிபொருளுக்குப் போகும் டொலர் மிஞ்சாது. பகல் மின்சாரம் இரவுக்குப் போக வேண்டும். தண்ணீர் மோட்டார், சலவை, மின்வாகனச் சார்ஜ் ஆகியவற்றைக் காலை 10 முதல் 2 மணிக்குள் முடியுங்கள். இது செலவில்லாத வழி. அடுத்தது பற்றரி. 5 கிலோவாட் மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் சுமார் 4.5 கிலோவாட் மணி கையில் வரும். மூன்று மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள் சேர்த்து 350 வாட் என்றால் உச்ச நேரம் நான்கு மணித்தியாலத்துக்கு 1.4 போதும், மிச்சம் விடியும்வரை. தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், சூடு பற்றரியின் ஆயுளைத் தின்னும்.

பற்றரி இருந்தும் மின்வெட்டில் வீடு இருளுவது ஏன்? கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, வழங்கல் நின்றதும் இன்வெர்ட்டர் வெளியே மின் அனுப்புவதை நிறுத்தும். பற்றரியோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு அவசரத் தேவைக்கென்று தனி வெளியீடு உண்டு. விளக்கு, மின்விசிறி போன்ற முக்கியமான மின்சுற்றுகளைத் தனி மின்பகிர்வுப் பெட்டியாகப் பிரித்து அந்த வெளியீட்டில் இணைக்காமல் விட்டிருப்பார்கள். மீதிப் பணம் கொடுக்குமுன் பிரதான ஆளியை அணைத்து, எந்த விளக்குகள் எரிகின்றன என்று நின்று பாருங்கள்.