முதல் ஃபிரேமோடு நின்றுபோகும் ஸ்கேனர்

தம் ஆண்ட்ராய்டு செயலியில் கேமராஎக்ஸ் என்ற திறமூல நிரலகத்தைக் கொண்டு கியூஆர் குறியீட்டை வாசிக்கும் வசதியைச் சேர்த்த வாசகர் ஒருவர், திரையில் காட்சி தடையில்லாமல் ஓடினாலும் வாசிக்கும் நிரல் முதல் ஃபிரேமை, அதாவது கேமரா அடுத்தடுத்து அனுப்பும் தனிப் படங்களில் முதலாவதைப் பார்த்தவுடன் நின்றுவிடுகிறது என்றும், பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். வேலை முடிந்த ஃபிரேமை 'குளோஸ்' என்ற ஒரு கட்டளையால் அவர் திருப்பித் தரவில்லை என்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். அந்தக் கட்டளை ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் சுவையான கேள்வி.

2014இல் ஆண்ட்ராய்டு 5.0 உடன் வந்த கேமரா2 இடைமுகம் கேமராவின் ஒவ்வொரு திருகையும் நிரலாளரின் கையில் கொடுத்தது. கூடவே, போனுக்குப் போன் மாறும் வன்பொருளின் கோணல்களையும் அவர் தலையிலேயே கட்டியது. 2019இல் அறிவிக்கப்பட்டு 2021இல் நிலையான பதிப்பை எட்டிய கேமராஎக்ஸ், அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொண்டு, முன்காட்சி, படமெடுப்பு, பகுப்பாய்வு என்று நமக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறது. அனுமதி பெறுவதும், செயலித் திரையின் வாழ்நாளோடு கேமராவைப் பிணைப்பதும் சில வரிகளில் முடிந்துவிடும்.

வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேம் வருகிறது என்றால், இரண்டுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 33 மில்லிநொடி. பகுப்பாய்வுக்கு வரும் ஃபிரேம் 640×480 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒளிர்வுக்குப் புள்ளிக்கு ஒரு பைட்டும், நிறத்துக்கு நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து இரண்டு பைட்டும் ஆக மொத்தம் 4,60,800 பைட். கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறிந்தால் போதும் என்பதால், கியூஆர் வாசிப்புக்கு ஒளிர்வுத் தளம் ஒன்றே போதுமானது.

இப்போது வாசிக்கும் நிரல் ஒரு ஃபிரேமுக்கு 100 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். நொடிக்கு 30 வருகின்றன, 10 போகின்றன. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால், ஐந்தாவது நொடியில் 100 ஃபிரேம்கள் காத்திருக்கும். அவை ஏறத்தாழ 46 மெகாபைட் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நொடியில் வரும் ஃபிரேமின் முறை வருவதற்கு இன்னும் பத்து நொடி ஆகும். அதாவது, நீங்கள் குறியீட்டின் முன் போனை நீட்டிக்கொண்டிருக்கையில், நிரல் நீங்கள் எப்போதோ கடந்துவிட்ட மேசையின் ஓரத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்.

கேமராஎக்ஸின் இயல்பான தீர்வு, காத்திருக்க ஒரே ஓர் இருக்கையை மட்டும் போட்டு வைப்பது. நிரல் வேலையில் இருக்கும்போது புதிய ஃபிரேம் வந்தால், இருக்கையில் இருந்த பழையது எழுப்பி அனுப்பப்படுகிறது, புதியது அமர்கிறது. நிரல் கைவேலையை முடித்து நிமிரும்போது, மிக அண்மையில் வந்தது மட்டுமே அங்கே இருக்கும். நம் கணக்கில் மூன்றில் இரண்டு ஃபிரேம்கள் எவராலும் பார்க்கப்படாமலே போகின்றன. ஆனால் பார்க்கப்படும் எதுவும் 33 மில்லிநொடிக்கு மேல் காத்திருந்ததாக இராது. எத்தனை மெதுவான போனாக இருந்தாலும் தாமதம் குவிவதில்லை, வாசிப்பின் எண்ணிக்கை மட்டுமே குறைகிறது. சேர்த்து வைப்பதற்குப் பதிலாக விட்டுவிடுவதால் ஒரு கருவி துடிப்பாகிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஒன்றையும் விடக்கூடாது என்பவர்களுக்கு வேறோர் உத்தியும் உண்டு: வரிசை நிரம்பியதும் கேமராவையே காக்க வைப்பது. அதில் முன்காட்சியும் சேர்ந்து உறைந்துவிடும் என்பதால், ஸ்கேனருக்கு அது ஆகாது.

ஆனால் நிரல் நிமிர்ந்துவிட்டது என்பது நிரலகத்துக்கு எப்படித் தெரியும்? 'குளோஸ்' கட்டளைதான் அந்த அறிவிப்பு. ஃபிரேம்கள் தங்கும் நினைவக அறைகள் மிகச் சிலவே. அவையே திரும்பத் திரும்பப் புழங்குகின்றன. அறையைக் காலி செய்ததாகச் சொல்லாதவரை அடுத்தவர் அழைக்கப்படமாட்டார். முன்காட்சியோ தனக்கென வேறு அறைகளைக் கொண்டு திரைக்குப் போவதால், எல்லாம் நலமே என்பது போல ஓடிக்கொண்டிருக்கும்.

என்னுடைய முதல் ஸ்கேனரும் இப்படித்தான் செத்துக் கிடந்தது. குளோஸ் கட்டளையைக் கடைசி வரியில் ஒழுங்காகவே எழுதியிருந்தேன். ஆனால் அதற்கு மேலே, குறியீடு தென்படாவிட்டால் உடனே வெளியேறு என்றும் ஒரு வரி இருந்தது. செயலி திறந்ததும் வரும் முதல் ஃபிரேமில் பெரும்பாலும் தரைதான் தெரியும், குறியீடு இராது. எனவே கடைசி வரியை நிரல் ஒருமுறைகூட எட்டவில்லை.

குறியீட்டைக் கண்டறிவதற்குப் பலரும் நாடிய இசட்எக்ஸிங் என்ற திறமூல நிரலகம் இன்று பராமரிப்பு நிலையில் மட்டுமே இருக்கிறது. பிறர் அனுப்பும் திருத்தங்களைக் கொண்டே அது நகர்கிறது. புதிய கண்டுபிடிப்புகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இத்தகைய பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகருக்கு இன்னொன்று. விடையைப் பின்னர் தனி இழையில் (மற்ற வேலைகளுக்கு இணையாக ஓடும் தனி வேலைத்தொடரில்) திருப்பித் தரும் வாசிப்பு நிரலைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதை அழைத்த கையோடு குளோஸ் செய்துவிடக் கூடாது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபிரேம் பறிபோய்விடும். வெற்றியோ தோல்வியோ, வாசிப்பு முடிந்தது என்ற அறிவிப்பு வரும் இடமே அந்தக் கட்டளைக்கு உரிய இடம்.